ஆளை நிப்பாட்டாத கடையில் தொங்கும் சட்டைகள்

சாரிக்குக் கரை அடிக்கக் கொடுக்க, பல வருடங்களுக்குப் பிறகு இன்று வில்லரேப் பகுதியில் உள்ள தையல்கடைக்குப் போனேன்.

அங்கே ஒரு கம்பி நிறைய, பிளாஸ்டிக் உறை போட்ட கலியாணச் சாரிச் சட்டைகள் தொங்கின.

"ஒருத்தரும் எடுக்க வரேல்லையோ?" என்று கடைக்கார அக்காவிடம் கேட்டேன்.

"கொரோனாவிலை நிண்டுபோன கலியாணங்கள். ஆக்களை நிப்பாட்டாமல் வைச்சிருந்தால் சம்பளத்திலை ஒரு பங்கு அரசாங்கம் தரும் எண்டவை. கடை பூட்டு. மெஷினை இவவின்ரை வீட்டை குடுத்துவிட்டன். இவ இருந்து தைச்சவ" என்று மெஷினில் இருந்த பெண்ணைக் காட்டினார்.

அந்தப் பெண் நிமிராமலே சொன்னார்: "அந்தச் சம்பளத்திலைதான் வாடகை கட்டினனான்."

"இன்னும் ஏனக்கா வைச்சிருக்கிறீங்கள்?"

"உண்மையா வேலை நடந்ததோ எண்டு கேட்டு அரசாங்கத்திலை இருந்து ஆரும் வந்தால் காட்டத்தான்."

ஆர்வத்தில் உறைகளில் ஒட்டியிருந்த பெயர்களை வாசித்துக்கொண்டு போனேன். ஐந்தாவதில் என் பெயர். தங்கையின் கலியாணத்துக்குத் தைக்கக் கொடுத்தது. கலியாணம் சூமில் நடந்ததால் மறந்தேபோனேன்.

போட்டுப் பார்த்தேன். முழங்கையோடு நின்றுவிட்டது.

"அத்தாட்சி இங்கையே இருக்கட்டும்" என்று அக்கா வாங்கித் திரும்பக் கொழுவினார்.

மிச்சப் பெயர்களையும் வாசித்தேன். இங்கே எழுதமாட்டேன். அளவு கொடுத்தவர்களுக்குத் தெரியும்தானே.