கடைக்குள் நீ யாரோ, நான் யாரோ

மழை ஈரம் பட்ட அச்சுத்தாளின் வாடை மூக்கில் ஏறினால் எனக்கு இன்றும் பசிக்கிறது. அதில் தின்பதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் கோழியும் மீனும் ஆப்பிளும் பிஸ்கட் டின்னும் சிவப்பு மஞ்சள் வட்டங்களுக்குள் விலையோடு உட்கார்ந்திருக்கும் அந்தத் தாளை, வாரக் கடைசியில் யாரோ மோட்டார் சைக்கிளில் வந்து எங்கள் வேலிக் கம்பியில் செருகிவிட்டுப் போவார்கள். பேரங்காடிகளின் மலிவு விற்பனைத் தாள் அது. மலாயில் 'மூரா' என்றால் மலிவு. ஆகவே அம்மா அதற்கு "மூரா பேப்பர்" என்று பெயர் வைத்திருந்தார். பள்ளிப் பாடப் புத்தகத்தைக்கூட அவ்வளவு பயபக்தியோடு நான் தொட்டதில்லை. கை ஈரத்தைப் பாவாடையில் துடைத்த பிறகுதான் அம்மா அதை விரிக்கவே விடுவார்.

அம்மா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். மலாய் எழுத்துகளை அவர் படிப்பதில்லை, அடையாளம் கண்டுகொள்வார், தெரிந்தவர் முகத்தைக் கூட்டத்தில் கண்டுபிடிப்பது போல. அதில் அவருக்கு மிகவும் பிடித்த சொல் "பெர்ச்சுமா", அதாவது இலவசம். "நம்ம சும்மாவத்தான்டி இவங்க பெர்ச்சுமாங்கிறாங்க" என்பார். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்ற வரியைப் பார்த்துவிட்டால் விரலால் அதைத் தட்டிக்கொண்டே, "பேருதான் சும்மா, எதுவும் சும்மா கெடைக்காது, நடக்கணும்" என்று அடுத்த வரியையும் அவரே சேர்த்துக்கொள்வார். நடப்பது என்றால் நிஜமாகவே நடப்பதுதான். வெங்காயம் ஒரு கடையில் மலிவு, பருப்பு இன்னொரு கடையில் மலிவு என்றால் இரண்டுக்கும் நடுவே உள்ள வெயில் முழுவதும் எங்கள் தலையில்தான்.

நாங்கள் புஞ்சாக் ஆலாமுக்கு வந்து அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை. அதற்கு முன் கோலசிலாங்கூர் பக்கத்தில் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் இருந்தோம். அப்பா குலை வெட்டுபவர். தோட்டத்து நிலம் வீடமைப்புக்காரர்களுக்குக் கைமாறியதும், லயம் என்ற தொழிலாளர் குடியிருப்பைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அவரவர் கைக்கு எட்டிய இடத்துக்கு அவரவர் போனார்கள். எங்களுக்கு இந்த வரிசை வீடு கிடைத்தது, அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. லயத்தில் எங்கள் வீட்டோடு ஒரே சுவரைப் பகிர்ந்து வாழ்ந்த பாக்கியம் சின்னம்மாவின் குடும்பம், வேறு சில லயத்துக் குடும்பங்களோடு சேர்ந்து, புக்கிட் பெருந்துங்குக்குப் போவதாக முடிவு செய்தது.

சின்னம்மா எங்களுக்கு இரத்த உறவு இல்லை. ஆனால் என் தம்பிக்குத் தொட்டில் கட்டியவர் அவர்தான், அம்மா வேலைக்குப் போன நாள்களில் அவனுக்குச் சோறு ஊட்டி வளர்த்தவரும் அவர்தான். "எங்க கூடவே வா பாக்கியம், பக்கத்துலயே வீடு பாப்போம்" என்று அம்மா எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார். சின்னம்மாவின் கணவர் லோரி ஓட்டுநர். அவருக்கு அந்தப் பக்கம்தான் வசதி. கோபித்துக்கொண்ட அம்மா, அவர்கள் சாமான் ஏற்றிய லோரி புறப்பட்ட காலையில் வாசலுக்கே வரவில்லை. கழுவி வைத்திருந்த பானையையே மறுபடியும் எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தார். சின்னம்மா வாசலில் நின்று "அக்கா, போயிட்டு வரேன்" என்று சொன்னதும், உள்ளே பானையில் தேங்காய் நாரின் சத்தம் இன்னும் பலமாகக் கேட்டதும் எனக்கு நினைவிருக்கிறது. புது முகவரியை யாரும் கேட்டு வாங்கவில்லை. வீட்டுக்கு வீடு தொலைபேசி இல்லாத காலம் அது.

புது வீட்டில் அம்மா பேச்சைக் குறைத்துக்கொண்டார். அக்கம் பக்கத்தார் நல்லவர்கள்தான், சிரிப்பார்கள், ஆனால் சிரித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். தீபாவளி நெருங்கியது. லயத்தில் தீபாவளி என்றால் பலகாரத் தட்டுகள் ஓயாமல் வீடு மாறிக்கொண்டிருக்கும். நம் முறுக்கு அவர்கள் வீட்டுக்குப் போய், அவர்கள் அதிரசம் நம் வீட்டுக்கு வந்து, கடைசியில் யார் சுட்டது எது என்றே தெரியாமல் தின்று தீர்ப்போம். இந்த முறை அப்பா, "ஒரு டின்னு முறுக்கு கடையில வாங்கிக்கலாம்லா. நீ சுட்டு யாருக்குக் குடுக்கப் போற?" என்றார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவருக்கு அம்மாவின் முதுகு வலிதான் கணக்கு. ஆனால் அந்தக் கேள்வி அம்மாவுக்கு எங்கோ போய்த் தைத்தது. மாவு டின்னைத் திறந்து பார்த்துவிட்டு, "சுட்டு வச்சா ஆளு வரும்" என்றார். சொன்னவருக்கே அதில் நம்பிக்கை இருந்ததா என்பது எனக்குச் சந்தேகம். எனக்குப் பயமாக இருந்தது. சுட்டு வைத்து யாருமே வராமல் போனால் அம்மா என்ன ஆவார் என்பதுதான் அந்தப் பயம்.

அந்த வாரம் வந்த "மூரா பேப்பர்" வழக்கத்தைவிடப் பெரியது. புதுப் பேரங்காடி ஒன்று திறப்பு விழாவும் தீபாவளி விற்பனையும் சேர்த்து நடத்துகிறது. சமையல் எண்ணெய், மாவு, சீனி மூன்றும் அம்மாவைக் கையைப் பிடித்து இழுக்கும் விலையில். ஆனால் எண்ணெய்ப் படத்தின் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. "என்னா போட்டிருக்கான், படி" என்றார். ஒவ்வொரு பெலாங்கானுக்கும் இரண்டு பாக்கெட் மட்டும் என்று இருந்தது. பெலாங்கான் என்றால் என்ன என்று கேட்டார். பள்ளியில் அந்த மாதம்தான் அந்தச் சொல்லைப் படித்திருந்தேன். தலையை நிமிர்த்தி, "வாடிக்கையாளர்" என்றேன்.

அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. தோட்டத்துக் கடையில் 'வாடிக்கை' என்றால் ஆள் இல்லை, வீடு. எட்டாம் நம்பர் வாடிக்கை, பதினோராம் நம்பர் வாடிக்கை என்றுதான் கடைக்காரர் கூப்பிடுவார். வீட்டில் பத்துப் பேர் இருந்தாலும் வாடிக்கை ஒன்றுதான். "அப்ப வீட்டுக்கே ரெண்டு பாக்கெட்டா? இத வச்சி என்னாத்த சுடுறது?" என்றார். செம்பனைக் காட்டுக்குள்ளேயே பிறந்து, செம்பனைக் குலை வெட்டியே சோறு தின்ற குடும்பத்துக்கு எண்ணெய் இரண்டு பாக்கெட்தான் என்ற நியாயம் அப்பாவுக்குச் சிரிப்பை வரவழைத்தது. அம்மா சிரிக்கவில்லை. அவர் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.

திட்டம் இதுதான். அம்மா, நான், பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கும் தம்பி மூவரும் மூன்று தனித்தனி வீட்டு ஆள்களைப் போலக் கடைக்குள் நுழைய வேண்டும். ஆளுக்கு இரண்டு பாக்கெட்டோடு வெவ்வேறு கவுண்டரில் நிற்க வேண்டும். வரவேற்பறை நாற்காலிகளைக் கவுண்டராக வைத்து ஒத்திகையே நடந்தது. "நல்லாக் கேட்டுக்குங்க. கடைக்குள்ள போயிட்டா நீ யாரோ, நான் யாரோ. நான் ஒங்களுக்கு அம்மா இல்ல. யாரு என்னா கேட்டாலும் என் பக்கம் பாக்கக் கூடாது." தம்பி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "வெளிய வந்த ஒடனே அம்மாவாயிருவியா?" என்று மட்டும் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டான்.

திறப்பு நாள் காலையில் கடை வாசலில் வாழைத் தோரணமும் சிங்க நடனமும் ஒன்றாகக் காத்திருந்தன. உள்ளே குளிர்சாதனக் காற்றில் எனக்கு மயிர் சிலிர்த்தது. எண்ணெய்க் குவியலைச் சுற்றி ஒரே தள்ளுமுள்ளு. ஆளுக்கு இரண்டை அணைத்துக்கொண்டு பிரிந்தோம். என் வரிசையில் நின்றபடி ஓரக்கண்ணால் பார்த்தேன். அம்மா இரண்டு வரிசை தள்ளி, கூரை விளக்குகளை முதல்முறை பார்ப்பவர் போல வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு நடிப்பு இவ்வளவு நன்றாக வரும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். என்னைத் தாண்டிப் போன அவருடைய பார்வையில் என்னைத் தெரிந்ததற்கான அடையாளமே இல்லை. விளையாட்டுதான் என்று தெரிந்தும் எனக்கு அவரைக் கூப்பிட்டுவிட வேண்டும் போலிருந்தது.

தம்பி கவுண்டரை எட்டினான். பணம் அவன் சட்டைப் பையில் மடித்து ஊக்குக் குத்தி இருந்தது. காசு வாங்கும் மலாய்க்காரப் பெண் குனிந்து, "ஆடேக், மாக் மானா?" என்றார். அம்மா எங்கே என்று கேட்கிறார். தம்பி வாயைத் திறக்கவில்லை; பாவம், வாக்குத் தவறாத பிள்ளை. அவர் இன்னும் பாசமாக, இன்னொரு முறை கேட்டார். தம்பி ஓர் அடி பின்வாங்கினான். பாக்கெட்டுகளை மார்போடு இறுக்கிக்கொண்டு, கண்ணை மூடி, கடையின் பாட்டுச் சத்தத்தையும் மீறி ஒரு கத்தல் கத்தினான்.

"அம்மா!"

அத்தனை வரிசைகளிலும் தலைகள் திரும்பின. ஒரு தலை இல்லை, இரண்டு தலை இல்லை. அந்தக் கடையில் கூரையையும் சுவரையும் மிட்டாய் அடுக்கையும் பார்த்துக்கொண்டு தனி ஆள்களாக நின்ற தமிழ்ப் பெண்கள் அத்தனை பேரும் ஒரே நொடியில் திரும்பினார்கள். ஏனென்றால் அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு பிள்ளையை வேறொரு வரிசையில் அநாதையாக நிறுத்தியிருந்தார்கள்!

என் அம்மா ஓடினார். அவருக்கு முன்பே ஒருவர் ஓடிப் போய்த் தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். அந்தக் குரலைக் குழந்தையிலிருந்து கேட்ட காது. பாக்கியம் சின்னம்மா.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சின்னம்மாதான் ஆரம்பித்தார். "என்னாக்கா இது, புள்ளைய இப்படியா தனியா வுடுவ?"

"ஒன் புள்ளைங்க எங்கடி?" என்றார் அம்மா.

சின்னம்மா கண்ணாலேயே காட்டினார். கடைசி வரிசையில் அவருடைய இரண்டு பெண்களும் ஆளுக்கொரு திசையைப் பார்த்தபடி, கையில் எண்ணெயோடு, இன்னமும் கடமை தவறாமல் நின்றுகொண்டிருந்தார்கள். அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் அழுகையானது. எண்ணெய் பாக்கெட் நடுவில் நசுங்க இருவரும் கட்டிக்கொண்டார்கள். கடைக்கு லோரியில் சரக்கு ஏற்றி வந்த சின்னம்மாவின் கணவர்தான் அந்தத் தாளைப் புக்கிட் பெருந்துங்குக்குக் கொண்டுபோனாராம். பெண்கள் சேர்ந்து ஒரு வேன் பிடித்து வந்திருக்கிறார்கள். எங்கள் லயத்தின் பாதி அந்த வேனில் இருந்தது.

சத்தம் கேட்டு மேற்பார்வையாளர் வந்தார், தூடோங் என்ற முக்காடு அணிந்த, கண்டிப்பான முகம் உள்ள ஓர் அம்மாள். "இனி செமுவா சத்து கெலுவார்கா கெ?" என்று கேட்டார். இவர்கள் எல்லாரும் ஒரே குடும்பமா? ஒத்திகையின்படி இல்லை என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். அம்மா சின்னம்மாவின் தோளிலிருந்து கையை எடுக்காமல், "யா, காக். செமுவா சத்து கெலுவார்கா" என்றார். ஆமாம் அக்கா, எல்லாரும் ஒரே குடும்பம். சொல்லிவிட்டு, பிடிபட்டவர் போல, பாக்கெட்டுகளைத் திருப்பி வைக்கப் போனார். முறுக்கு போச்சு என்று நினைத்தேன்.

மேற்பார்வையாளருக்கு ஒன்றும் புரியவில்லை. ஏன் திருப்பி வைக்கிறீர்கள் என்று கேட்டார். வாடிக்கைக்கு இரண்டுதானே என்று அம்மா தனக்குத் தெரிந்த மலாயில் விளக்கியதும் அந்தக் கண்டிப்பான முகம் உடைந்து சிரித்தது. பெலாங்கான் என்றால் வீடு இல்லை, ஆள். வரிசையில் நின்று காசு கொடுக்கிறவர் யாராயிருந்தாலும் பெலாங்கான். தம்பியின் கன்னத்தைத் தட்டி, "பூடாக் புன் பெலாங்கான்" என்றார். பிள்ளையும் வாடிக்கையாளர்தான்.

"அடப்பாவி, அப்ப இவ்வளவு நேரம் பெர்ச்சுமாவாலா யாரோ மாதிரி நின்னோம்!" என்றார் சின்னம்மா. மலாயில் பெர்ச்சுமாவுக்கு இலவசம் என்றும் பொருள், வீண் என்றும் பொருள். நம் சும்மாவைப் போலவேதான். தமிழ் தெரியாத மேற்பார்வையாளருக்கும் அந்த ஒரு சொல் புரிந்து, அவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் அம்மா சின்னம்மாவிடம், "அன்னைக்கு நான் வாசலுக்கு வரல" என்றார். "தெரியும். அந்தப் பானை இன்னும் ஓட்ட வுழலயா?" என்றார் சின்னம்மா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில்தான் எண்ணெய்ச் சட்டி ஏறியது. வேன் மறுபடியும் வந்தது. எனக்கு அதிரசமாவு தட்டத் தெரியாது என்று கேலி செய்து என்னை மாவு நக்க மட்டும் அனுமதித்தார்கள். சிரித்துவிட்டுக் கதவைச் சாத்தும் அக்கம் பக்கத்து வீடுகளுக்கும் தட்டுகள் போயின; மூடுவதற்கு "மூரா பேப்பர்"தான். தட்டுகள் காலியாகத் திரும்பவில்லை. ஒன்றில் ரம்புத்தான் பழம்கூட வந்தது.

இப்போது வேலிக் கம்பியில் யாரும் தாள் செருகுவதில்லை. மலிவு விலையெல்லாம் கைப்பேசிக்கே வந்துவிடுகிறது. அதை முகர்ந்தால் ஒன்றும் மணக்காது. எங்கள் லயம் இருந்த இடத்தில் மாடி வீடுகள் வரிசையாக நிற்கின்றன. அன்று கடையில் திரும்பிய தலைகளில் சில இன்று இல்லை. அந்தக் கடையும் பெயர் மாறிவிட்டது, பாதிக் கவுண்டர்களில் ஆளுக்குப் பதில் இயந்திரம் நின்று நன்றி சொல்கிறது. சின்னம்மாவின் மூத்த பெண் இங்கேயே வீடு வாங்கி அவரை அழைத்து வந்துவிட்டாள். இரண்டு தெரு தள்ளித்தான். கைப்பேசியில் அவரும் அம்மாவும் தொடங்கிய குழுவுக்குப் பெயர் "பெர்ச்சுமா". எந்தக் கடையில் எது மலிவு என்று அதில் விடிந்ததிலிருந்து குரல் பதிவுகள் வந்துகொண்டே இருக்கும்.

போன வாரம் இருவரையும் நான்தான் கடைக்கு அழைத்துப் போனேன். எண்ணெய்க்கு மறுபடியும் கட்டுப்பாடு, ஆளுக்கு இரண்டு. பாக்கெட்டை எடுத்துத் திரும்புவதற்குள் என் பக்கத்தில் நின்ற இருவரையும் காணவில்லை. ஒருவர் அந்தக் கோடி வரிசையில், மற்றவர் இந்தக் கோடி வரிசையில், கூரை விளக்கைப் பார்த்தபடி யாரோ போல நிற்கிறார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இத்தனை வயதில், கடை நடுவில் நின்று, "அம்மா!" என்று கத்தினேன்.

இரண்டு தலைகள் திரும்பின. என்னை முறைத்துவிட்டு, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உதட்டில் விரலை வைத்தார்கள்.