சம்பந்தியின் ரயில்

பொறாமை என்னும் குணம் வாலிபத்தோடு கழிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அறுபத்தெட்டாம் வயதில், அதுவும் என் மருமகளின் தந்தை மீது, ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு அது வந்து நெஞ்சில் உட்காரும் என்று யாரேனும் சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

சம்பந்தி சான்பாடாவில் தனியாக வசிப்பவர். நான் மகனோடும் மருமகளோடும் செம்பூரில் இருக்கிறேன். பேத்திக்கு ஆறு வயது, பேரனுக்கு மூன்று. பேத்தியைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றுவதும், பேரனுக்கு மூக்குச் சிந்திவிடுவதும், பருப்புச் சோற்றில் நெய் போதவில்லை என்ற புகாரைத் தீர்த்துவைப்பதும் வாரத்தின் ஆறு நாளும் என் பொறுப்பு. ஏழாம் நாள் அவர் வருவார். கதவைத் திறந்த மாத்திரத்தில் இரண்டு பிள்ளைகளும் ஆளுக்கொரு காலைப் பற்றிக்கொண்டு தொங்குவார்கள். அவர்கள் மொழியில் அவர் ‘சான்பாடா தாத்தா’. நான் ‘வீட்டுத் தாத்தா’. வீட்டுச் சாவி, வீட்டு வாளி என்பதைப் போல.

ரயில் விளையாட்டை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அவரே. சோபாதான் பெட்டி. ஜன்னலோரம் பேத்தி, நடுவில் பேரன், மூன்றாவதாக ஒரு கரடி பொம்மை. இந்நகரத்து மின்ரயில்களில் மூவர் அமரும் இருக்கையில் நான்காவதாக ஒருவர் வந்து ஒட்டிக்கொள்வதும், மற்றவர்கள் சற்றே நகர்ந்து ஒரு சாண் இடம் தருவதும் வழக்கம். அந்த நான்காவது இடம் எனக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. கரடிக்கு முழு இடம். எனக்கு ஒரு சாண். எனக்குப் பேச்சும் கிடையாது. வீட்டுத் தாத்தா ஆபீசுக்குப் போகிறார், ஆகவே தூங்கவேண்டும் என்பது பேத்தியின் விதி. முப்பத்தைந்து ஆண்டுகள் தாராவியில் தோல்பை தைக்கும் பட்டறைக்குப் போய்வந்தவன் நான், ஆபீசைக் கண்டதில்லை. ஆயினும் கண்களை மூடிக்கொள்வேன்.

சம்பந்தியோ அந்த ரயிலில் மற்ற எல்லாமாகவும் இருப்பார். மருமகளின் துப்பட்டாவில் துணி காயப்போடும் கிளிப்புகளை வரிசையாக மாட்டித் தோளில் போட்டுக்கொண்டு, “தஸ் கா தீன், தஸ் கா தீன்” என்று ரயிலில் கிளிப் விற்பவரைப் போலச் சமையலறையிலிருந்து கூவிக்கொண்டே வருவார். பத்து ரூபாய்க்கு மூன்று. பேத்தி இந்தியிலேயே பேரம் பேசுவாள். அவள் விலையைக் குறைக்கக் குறைக்க, அவர் துக்கம் தாளாமல் ஒரு கிளிப்பைத் தம் மூக்கில் மாட்டிக்கொண்டு, அந்த அடைத்த குரலில் அடுத்த நிலையத்தை அறிவிப்பார். பேரன் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துத் தண்ணீர் குடிப்பான். ஒருமுறை அவர் வாஷிக்கு அடுத்தது கோவண்டி என்று அறிவித்தார். இடையில் மான்குர்ட் விடுபட்டுப்போனதைக் கண்களைத் திறந்து நான் சுட்டிக்காட்டினேன்.

“தாத்தா, நீங்க தூங்குதிய,” என்றாள் பேத்தி.

அவர்களைச் சிரிக்கவைக்க நான் முயலாமலும் இல்லை. கிங்ஸ் சர்க்கிள் கடைத்தெருவுக்குப் போய்ச் சிறுவர் நகைச்சுவைப் புத்தகம் ஒன்று வாங்கினேன். இரண்டு நாள் பயின்று, புதன்கிழமை மாலை அதிலிருந்து ஒரு துணுக்கைச் சொன்னேன்; ஒரு சொல்லும் பிசகாமல், நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்திச் சொன்னேன். பேத்தி இறுதிவரை பொறுமையாகக் கேட்டாள். முடிந்துவிட்டதா என்று விசாரித்தாள். ஆம் என்றதும், நன்றாக இருக்கிறது என்று சொல்லி என் புறங்கையை இருமுறை தட்டிக்கொடுத்தாள். அவள் சிரிக்காததைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அந்தத் தட்டலைப் பொறுக்க முடியவில்லை.

சென்ற மழைக்காலத்தில் சம்பந்திக்கு முழங்கால் வீங்கி, ஒரு ஞாயிறு அவரால் வர இயலவில்லை. மருமகள் செய்தி சொன்னபோது நானும் வருத்தம் தெரிவித்தேன். ஆனால் ஒன்பது மணிக்கே குளித்து முடித்து, துப்பட்டாவையும் கிளிப்புகளையும் எடுத்துவைத்துக்கொண்டேன். பத்து மணிக்கு என் ரயில் புறப்பட்டது. நானும் கூவினேன். மூக்கில் கிளிப்பையும் மாட்டினேன். அதன் பிடி அவ்வளவு கடுமையானது என்று எனக்குத் தெரியாது. கண்ணில் நீர் வந்துவிட்டது. அதைக் கண்ட பேரன் ஓவென்று அழுதான். பேத்தி எழுந்து வந்து என் மூக்கிலிருந்து கிளிப்பை எடுத்துவிட்டு, அது சான்பாடா தாத்தாவின் வேலை என்று விளக்கினாள். பிறகு தாயின் கைபேசியில் அவரை வீடியோவில் அழைத்து, பிடித்துக்கொள்ளும்படி என் கையில் கொடுத்தாள்.

திரையில் அவர் கட்டிலில் காலை நீட்டி அமர்ந்திருந்தார். அழைப்பின் காரணம் தெரிந்ததும், கழுத்தில் ஒரு துண்டைப் போட்டு, மாத்திரை அட்டைகளை அதில் தொங்கவிட்டுக்கொண்டு கூவத் தொடங்கிவிட்டார். அழுதுகொண்டிருந்த பேரன் சிரித்தான். நான் அழவைத்த பிள்ளையை அவர் படுக்கையில் இருந்தபடியே சிரிக்கவைத்துவிட்டார். அப்போதுதான் என் கட்டைவிரல் கைபேசியின் பக்கவாட்டில் இருந்த பொத்தானுக்குப் போயிற்று. ஒலியைக் கடைசிவரை குறைத்தேன். மிஞ்சிய குரலையும் வெளியே பெய்த மழை விழுங்கியது.

அவர் அறியாமல் கூவிக்கொண்டே இருந்தார். வாய் மட்டும் திறந்து மூடிற்று, கைகள் ஆடின, மாத்திரைகள் குலுங்கின. பேரன் தானும் ஓசையின்றி வாயைத் திறந்து மூடினான். மறுகணம் பிள்ளைகள் இருவரும் சிரித்த சிரிப்பில் பேத்தி சோபாவிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்தாள். விழுந்த இடத்திலிருந்து என் கட்டைவிரலைப் பார்த்துவிட்டாள்.

“தாத்தா, நீங்களா பண்ணுனிய? இன்னொருக்க பண்ணுங்க.”

பண்ணினேன். கூட்டினேன், குறைத்தேன். முதன்முறையாக அந்தச் சிரிப்பு என்னை நோக்கி வந்தது. வெட்கப்படவேண்டிய வேளையில் என் மனம் குளிர்ந்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. ஒலி கூடியிருந்த ஒரு தருணத்தில் பேத்தி திரையருகே முகத்தைக் கொண்டுபோய், “சான்பாடா தாத்தா, நீங்க இனிமே வீட்டுக்கு வர வேண்டாம். போன்லயே வாங்க, அதான் ஜாலியா இருக்கு,” என்றாள்.

அவர் சிரித்தார். ஆனால் சிரிப்பதற்கு முன் அவர் கை மாத்திரை அட்டையின் மீது சற்று நின்றது. பேரன் ஓசையின்றி வாயசைத்ததை அவரும் திரையில் பார்த்திருக்கவேண்டும்; பிறகு என்னிடம் கேட்டார்.

“சம்மந்தி, நா பேசுதது அங்க கேக்கலையோ?”

மழை, சிக்னல் கிடைக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவரும் நம்பியிருப்பார், ஞாயிறுகளும் எனக்குச் சொந்தமாகியிருக்கும். “கேக்குது,” என்றேன். “சத்தத்தக் கொறச்சது நாந்தான்.”

அவர் கழுத்திலிருந்த துண்டை எடுத்து மடித்தார். “ஆறு நாளும் பிள்ளைக ஒங்க கூடத்தான இருக்கு,” என்றார். “அந்த ஒரு நாள்லயுமா, சம்மந்தி?”

இன்னொருமுறை அழுத்தச் சொல்லிப் பேத்தி என் முழங்கையை இழுத்துக்கொண்டிருந்தாள். கைபேசியை அவள் கையிலேயே கொடுத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறும் அவர் கால் குணமாகவில்லை. நான் பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு செம்பூரில் ரயிலேறினேன். மான்குர்ட் தாண்டிக் கடற்கழிப் பாலத்தில் ஏறியதுமே, வாஷிகூட வருமுன்பே, பேத்தி இறங்குவதற்குத் தயாராக எழுந்து நின்றுவிட்டாள். என்னோடு எங்கு போகும்போதும் அவள் அவ்வாறு நின்றதில்லை என்பதை நான் கவனிக்கத்தான் செய்தேன். அது வலிக்கவும் செய்தது. சான்பாடாவில் அவர் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. பிள்ளைகள் என் கைகளை உதறிவிட்டு உள்ளே ஓடினார்கள். வாசலில் குனிந்து, செருப்பைக் கழற்றுவதற்குத் தேவையானதைவிட அதிக நேரம் நான் எடுத்துக்கொண்டேன்.