அவருக்கு மட்டும் சுடவில்லை

போன சித்திரையில் நானும் கணவரும் காரைக்குடியிலிருந்து கிளம்பி, மலை உச்சியில் இருக்கும் சுனையைப் பார்க்கப் போனோம். அது சாமி சுனை என்பதால் அடிவாரத்திலேயே செருப்பைக் கழற்றிவிடுவது வழக்கம். காலையில் பாறை குளிர்ந்துதான் இருந்தது. சில இடங்களில் கையை ஊன்றித் தவழ்ந்துதான் ஏற முடிந்தது.

புளியோதரை சாப்பிட்டுவிட்டு இறங்கும்போது உச்சி வெயில். மொட்டைப் பாறையில் என்னால் பத்தடிகூட வைக்க முடியவில்லை. துண்டைக் கிழித்துக் காலில் கட்டிக்கொண்டேன்.

“நீங்க எப்புடி நடக்குறீக?”

“எனக்கு ஒண்ணும் சுடலை. நீ பாத்து வா.”

முன்னால் போனவரைப் பார்த்துப் பொறாமையாகக்கூட இருந்தது. அப்புறம்தான் பாறையில் அவருடைய ஈரக் காலடிகளைக் கவனித்தேன். காலில் பட்ட சுனைத் தண்ணீர் இந்நேரம் காய்ந்திருக்குமே என்று தோன்றியதும் ஓடிப்போய் அவரை நிறுத்தினேன். உட்காரவைத்துப் பாதத்தைத் திருப்பினேன். இரண்டு உள்ளங்காலிலும் தோல் உரிந்து தொங்கியது.

“வலிக்கலையே” என்றார். அவர் அலறியிருந்தால்கூட நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

அவருக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. காலில் உணர்ச்சி போனது இருவருக்குமே தெரியாது. சுனைக்கு வந்த இரண்டு பேர்தான் தூக்கி இறக்கினார்கள். காலை எடுக்க வேண்டிவந்தாலும் வரலாம் என்றார் டாக்டர். நல்லவேளை, இரண்டு மாதத்தில் ஆறிவிட்டது.

இப்போதெல்லாம் கோயில் பிராகாரத்தில்கூட, சுடுகிறதா என்று அவரிடம் கேட்பதில்லை. குனிந்து தரையில் என் கையை வைத்துப் பார்க்கிறேன்.