பிரசவம் பார்த்தவர்

இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை காலை. கள்ளக்குறிச்சியில் என் வீட்டு முன்னறையிலேயே கிளினிக் வைத்திருக்கிறேன். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு சளி, காய்ச்சல், சர்க்கரை என்று வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டு காலம் போய்க்கொண்டிருந்தது. அன்று மழை பிடித்துக்கொண்டதால் ஆள் இல்லை. நனைந்த குடையை வாசலில் வைத்துவிட்டு, கையில் ஒரு ஃபைலோடு ஒரு பெண் உள்ளே வந்தார். எனக்கு அடையாளம் தெரியவில்லை. மலையில் என்னிடம் ஆறு வருடம் நர்ஸாக இருந்ததாக அவரே சொன்ன பிறகுதான் முகம் பிடிபட்டது.

கல்வராயன் மலையில், கரியாலூரைத் தாண்டி உள்ளே போனால் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். ஊர்ப் பெயர் வேண்டாம். என் வேலைக் காலத்தின் கடைசி ஒன்பது வருடங்கள் அங்கேதான் மருத்துவராக இருந்தேன். அவர் தொகுப்பூதியத்தில் வந்த நர்ஸ். திருநாவலூர்ப் பக்கம் கூலி வேலைக்குப் போகும் குடும்பம். அந்த வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் அவர்தான். நர்சிங் டிப்ளமோ முடித்துவிட்டு இருபத்து மூன்று வயதில் மலையேறினார். நிலையத்துக்குப் பின்னால் இருந்த குவார்ட்டர்ஸில் தங்கினார். மருத்துவருக்கும் ஒரு குவார்ட்டர்ஸ் உண்டு. அதில் குளுக்கோஸ் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தோம்.

நான் வாரத்துக்கு இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள் காரில் மேலே போவேன். மற்ற நாட்களுக்கும் வருகைப் பதிவேட்டில் என் கையெழுத்து இருக்கும். அதை அப்போது யாரும் தப்பு என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்.

நான் ஓய்வு பெற்ற வருடமே அவரும் அந்த வேலையை விட்டுவிட்டு, உளுந்தூர்பேட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்திருக்கிறார். நெடுஞ்சாலையில் அடிபட்டு வருகிறவர்களுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே ஐரோப்பிய மொழி ஒன்றைப் படித்துத் தேர்வும் எழுதி முடித்துவிட்டார். நாட்டின் பெயரை எழுதவில்லை. இப்போது அவர் அங்கேதான் இருக்கிறார், என்னால் இன்னொரு தொல்லை வர வேண்டாம். அங்கே ஒரு சிறிய ஊர் மருத்துவமனையில், பிரசவ வார்டில், நர்ஸாக எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். நம் ஊர்ப் படிப்பு அவர்கள் படிப்புக்குச் சமம்தானா என்று பார்த்துச் சொல்ல அங்கே ஓர் அலுவலகம் இருக்கிறது. இவருடைய டிப்ளமோவைப் பாடம் பாடமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பயிற்சி நேரத்தைக் கூட்டிப் பார்த்திருக்கிறார்கள். எல்லாம் சரி, மகப்பேறு மட்டும் குறைவு என்று எழுதிவிட்டார்கள். ஒன்று, அங்கே போய் உதவியாளாக இருந்துகொண்டு ஒரு வருடம் மறுபடி பயிற்சி எடுத்துத் தேர்வு எழுத வேண்டும். இல்லையென்றால், மகப்பேறு வேலை பல வருடம் பார்த்ததற்குச் சான்று தர வேண்டும். பிரசவ வார்டு வேலை தை மாதம் வரைதான் காத்திருக்கும்.

அவருக்கு முதலில் கவலையே இல்லை. மலையில் ஆறு வருடம் பிரசவத்தைத் தவிர வேறென்ன பார்த்தார்? நேராக மேலே போய், இப்போது இருக்கும் இளம் பெண் டாக்டரிடம் அனுபவச் சான்று கேட்டிருக்கிறார். அந்த டாக்டர் பழைய பிரசவப் பதிவேடுகளை எடுத்துப் புரட்டியிருக்கிறார். ‘பிரசவம் பார்த்தவர்’ என்று அதில் ஒரு பத்தி உண்டு. ஆறு வருடமும், எல்லாப் பக்கத்திலும், அந்தப் பத்தியில் என் பெயர். என் கையெழுத்து. நர்ஸ் பெயர் ஒரு வரியில்கூட இல்லை. பதிவேட்டில் இல்லாததை எழுத முடியாதே என்று அந்த டாக்டர் வருத்தப்பட்டாராம். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

அது எப்படி நடந்தது என்பதை நான்தான் சொல்ல வேண்டும். நான் இல்லாத நாளில் பிரசவம் ஆனால், நேரம், குழந்தையின் எடை, தையல் உண்டா இல்லையா என்பதை அவர் ஒரு துண்டுச் சீட்டில் குறித்து வைப்பார். நான் செவ்வாய்க்கிழமை மேலே போனதும் சீட்டுகளை வரிசையாக வைத்து, ஒரே உட்காரலில் பதிவேட்டில் ஏற்றுவேன். பிரசவத்தின்போது மருத்துவர் இருக்க வேண்டும் என்று மேலிடம் அழுத்திக்கொண்டிருந்த காலம். ஆகவே என் பெயர். எழுதி முடித்ததும் சீட்டுகளைக் கசக்கிக் கூடையில் போட்டுவிடுவேன். அவர் எதிரிலேயேதான் போடுவேன். அந்த நிலையத்தில் பிரசவம் நன்றாக நடக்கிறது என்று ஒரு குடியரசு தினத்தில் எனக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். அப்போது நாங்கள் விழுப்புரம் மாவட்டம். நான் மாலையோடு விழுப்புரத்தில் நின்றபோது அவர் மலையில் டூட்டியில் இருந்தார்.

அன்று கிளினிக்கில் அவர் கேட்டது ஒன்றுதான். “எனக்கு ஜாஸ்தி எதுவும் வேணாம் சார். இன்னா நடந்துதோ அத எழுதிக் குடுங்க, போதும்.”

அவர் பிரசவம் பார்த்தார் என்று எழுதினால், நான் எங்கே இருந்தேன் என்ற கேள்வி வரும். பதிவேட்டில் எழுதியது பொய்யா என்ற கேள்வி வரும். அறுபத்தெட்டு வயதில் எனக்கு அது தேவையா என்றுதான் என் புத்தி ஓடியது. என் நேரடி மேற்பார்வையில் ஆறு வருடம் பிரசவங்களில் எனக்கு உதவி செய்தார், நல்ல ஒழுக்கம், கடின உழைப்பாளி என்று லெட்டர்பேடில் அழகான ஆங்கிலத்தில் எழுதி, சீல் வைத்துக் கொடுத்தேன். அவர் நின்றபடியே படித்தார். உதவின்னு போட்டிருக்கீங்களே சார் என்று மெதுவாகக் கேட்டார். நான் சிரித்துக்கொண்டே, “வெள்ளைக்காரனுக்கு லெட்டர்பேடும் சீலும் இருந்தாப் போதும்மா. உள்ள இன்னா இருக்குதுன்னு யாரு பாக்கப் போறான்” என்றேன். அவர் கடிதத்தை ஃபைலில் வைத்துக்கொண்டு போனார்.

உள்ளே என்ன இருக்கிறது என்பதைத்தான் அவர்கள் பார்த்தார்கள். மார்கழியில் பதில் வந்தது. மருத்துவர் கூட இருக்கும்போது செய்த உதவி, தானாகப் பொறுப்பேற்றுச் செய்த பணி ஆகாது, ஆகவே கணக்கில் எடுக்க முடியாது. அவர் அதை என்னிடம் கொண்டுவந்து காட்டியதும் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. கண்ணாடி அறையில் உட்கார்ந்துகொண்டு நேரத்தைக் கூட்டிப் பார்க்கிறவனுக்கு மலையைப் பற்றி என்ன தெரியும், ஒரு மழைக்காலம் அவனை அங்கே தனியாக விட்டால் தெரியும் என்றெல்லாம் கத்தினேன். காத்திருந்த இரண்டு நோயாளிகள் என்னையே பார்த்தார்கள். நான் மூச்சு வாங்கும் வரை பொறுத்திருந்து அவர் சொன்னார்:

“அவங்க மேல எதுக்கு சார் கோவம்? நாம எழுதினதத்தான அவங்க படிச்சாங்க.”

நாம என்றார். நீங்க என்று சொல்லியிருக்கலாம். அந்த மரியாதைதான் எனக்கு அறை வாங்கியது போல் இருந்தது.

அன்று முழுக்க ஒரு பகல் வேளை நினைவில் வந்துகொண்டே இருந்தது. ஆவணி மாதம், முகூர்த்த நாள். கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நான் பந்தியில் இருந்தேன். மலையில் நல்ல மழை. நிலையத்தில் சிக்னல் இருக்காது, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனால்தான் கிடைக்கும். அங்கே ஓடிவந்து போன் செய்தது துப்புரவு வேலை பார்த்த அம்மா. குழந்தை பிறந்துவிட்டது, தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை, நர்ஸம்மா உள்ளே கையை வைத்து கர்ப்பப்பையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறார், கையை எடுக்க முடியவில்லை, நீங்கள் வருகிறீர்களா என்று நர்ஸம்மா கேட்கச் சொன்னார் என்றார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லு, நான் வந்துக்கினே இருக்கேன் என்றேன். பிறகு பாயசம் சாப்பிட்டேன். மலைப்பாதையில் மரம் விழுந்து ஆம்புலன்ஸ் போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் ரத்தம் நின்றிருந்தது. தாய் பிழைத்துவிட்டார். நான் போனது மறுநாள். நர்ஸின் வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. என்ன என்று கேட்டேன், ஒன்றுமில்லை என்றார். மருத்துவரால் ரத்தப்போக்கு கட்டுப்படுத்தப்பட்டது என்று பதிவேட்டில் எழுதினேன்.

அந்தத் தாயைத் தேடிப் போவது என்று முடிவு செய்தேன். இப்படி நாலைந்து தாய்மாரிடம் எழுதி வாங்கினால் உதவும் என்று கணக்குப் போட்டேன். பொங்கலுக்கு முன் ஒரு நாள் காரை எடுத்துக்கொண்டு மேலே போனேன். விசாரித்துக் கண்டுபிடித்தபோது அந்த அம்மாள் கொல்லையில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தார். என் பேண்ட் சட்டையைப் பார்த்துவிட்டு, “பாரஸ்டா, ரேசன் கார்டா?” என்று கேட்டார். ஆதாருக்கெல்லாம் ஏற்கெனவே கைரேகை வைத்தாயிற்று என்றும் சேர்த்துச் சொன்னார்.

நான் யாரென்று சொல்லவில்லை. பிரசவத்தைப் பற்றி மட்டும் கேட்டேன். மண் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, நேற்று நடந்ததுபோலச் சொன்னார். அந்தப் பெண் ஒரு கையை உள்ளே வைத்து, ஒரு கையை வயிற்றின் மேல் வைத்து, கண்ணை மூடாதே, என்னைப் பார், என்னைப் பார் என்று சொல்லிக்கொண்டே இருந்ததாம். டாக்டர் வரவில்லையா என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

“டாக்டரா? அவரு எங்க வந்தாரு. கீழ இருந்தாராம். நான் அந்தாள கண்ணால பாத்ததே இல்ல.”

பதிவேட்டின்படி அந்த உயிரைக் காப்பாற்றிய நான் அவர் எதிரில் நின்றுகொண்டிருந்தேன். அவர் நர்ஸைப் பற்றி விசாரித்தார். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகப் பார்க்கிறது என்றதும், “ஏன், அங்க பிரசவம் பாக்க ஆளு இல்லியா?” என்று சிரித்தார். எழுதி வாங்கும் எண்ணமே எனக்குப் போய்விட்டது. உண்மையைச் சொல்ல வேண்டியவன் நான் இருக்கும்போது, அந்த அம்மாளிடம் கைரேகை வாங்குவது என்ன நியாயம்?

கீழே வந்ததும் எழுதினேன். நான் நிலையத்தில் இல்லாத நாட்களில் நடந்த பிரசவங்களை இவர் தனியாகப் பார்த்தார், பதிவேட்டில் என் பெயரை நான் எழுதியது தவறு, முன்பு நான் கொடுத்த கடிதமும் உண்மையல்ல என்று முத்திரைத் தாளில் எழுதி, நோட்டரி முன் கையெழுத்துப் போட்டேன். வக்கீல் இரண்டு முறை படித்துவிட்டு, யோசித்துத்தான் செய்கிறீர்களா என்று கேட்டார். என் மகன் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. அந்த வெளிநாட்டு அலுவலகத்துக்கு அனுப்பச் சொல்லி நர்ஸிடம் கொடுத்தேன், ஒரு பிரதியை இங்கே மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கும் அனுப்பினேன். விசாரணை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பழக்கமான ஓர் ஊழியர் மட்டும் போன் செய்து, “பென்ஷன் வந்துக்கினுதான சார் இருக்குது, அப்பறம் இன்னாத்துக்கு இந்த வேலை?” என்றார். ஒரு பொய்யை ஆறு வருடம் பதிவேட்டில் ஏற்றும்போது கேட்காத வாய், அதைத் திருத்தப் போனால் மட்டும் கேட்கிறது.

நான் தாமதித்துவிட்டேனோ என்றுதான் பயந்தேன். நடந்தது அதைவிட மோசம். ஒரே மருத்துவர் ஒரே காலத்தைப் பற்றி ஒன்றுக்கொன்று முரணாக இரண்டு கடிதம் தந்திருக்கிறார், ஆகவே இரண்டையும் சான்றாக ஏற்க இயலாது என்று அந்த வெளிநாட்டு அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. அன்று நான் கத்தவில்லை. என் மேஜைக்கு அப்படி ஒரு ஃபைல் வந்திருந்தால் நானும் அதையேதான் எழுதியிருப்பேன். ஆனால் கோபம் இல்லை என்று யார் சொன்னது? ஆறு வருடம் ஒரு பெண் மலையில் தனியாக நின்று செய்த வேலைக்கு, அங்கே போகாத ஒருவனின் கையெழுத்துதான் சாட்சி என்றால், அந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் அத்தனை பேரும் வெட்கப்பட வேண்டும். முதலில் நான்.

பிரசவ வார்டு வேலை வேறு யாருக்கோ போயிற்று. அவர் பின்வாங்கவில்லை. உதவியாளாகவே போனார். முதியவர்களைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டும் வேலை, கூடவே மகப்பேறுப் பயிற்சி.

போன மாதம் போன் செய்தார். என் மேல் அவருக்கு வருத்தம் இருந்ததா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வகுப்பில் ரப்பர் பொம்மையை வைத்துக் குழந்தையை எப்படித் தாங்குவது என்று சொல்லித் தருகிறார்களாம். கூடப் படிப்பவர்களுக்கு இருபது வயதுகூட இல்லையாம். முதல் நாள் ஆசிரியை ஒவ்வொருவரிடமும், இதுவரை எத்தனை பிரசவம் பார்த்திருக்கிறாய் என்று கேட்டிருக்கிறார். இரண்டு, மூன்று என்று பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். நீ என்னம்மா சொன்னாய் என்று கேட்டேன்.

“ஒண்ணும் இல்லன்னு சொன்னேன் சார். பேப்பர்ல அப்பிடித்தான இருக்குது. வேற எதுனா சொன்னா திரும்பவும் பொய்யின்னுவாங்க.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. என்னால் முடியவில்லை. அந்தக் கைகள் அவருடையவை, அவை செய்த வேலையும் அவருடையது. ஊர் பேர் தெரியாத வகுப்பறையில் நின்று அவரே அதை இல்லை என்று சொல்லும்படி செய்தவன் நான் என்ற கோபம் எழுபது வயதில் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறிவிட்டால் அது இன்னொரு பொய்யாகத்தான் இருக்கும்.