தங்கச்சி வீட்டுத் துவக்கு

என் தங்கச்சியின் கணவர் வீட்டுக் காவலுக்கென்று துவக்கு வாங்கப்போகிறார் என்று கேள்விப்பட்ட நாள் எனக்குப் பொறாமையாக இருந்தது. சுடுகிற துவக்கைப் பார்த்து யாருக்குப் பொறாமை வரும் என்று கேட்கலாம். நாங்கள் பாரிசில், லா சப்பலில், லிப்ட் இல்லாத கட்டடத்தில், ஐந்தாம் மாடியில் இரண்டு அறைகளில் இருக்கிறோம். எங்கள் வீட்டுக்குக் கள்ளன் வந்தால் படியேறிய களைப்புக்குத் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிப்போக வேண்டியதுதான். காவல் தேவைப்படுகிற அளவுக்கு அவளிடம் இருக்கிறது, என்னிடம் இல்லை. அதுதான் என்னைக் குடைந்தது.

அவள் என்னைவிட ஆறு வயது இளையவள். பாரிசுக்கு வந்த புதிதில் இரண்டு வருடம் எங்கள் முன்னறையில் மெத்தை விரித்துப் படுத்தவள். வதிவிடப் பத்திர அலுவல்களுக்கு விடிய எழும்பி அவளோடு பிரிபெக்சர் கந்தோர் வாசலில் வரிசையில் நின்றவள் நான். கலியாணம் பேசி முடித்ததும் நாங்கள்தான். மாப்பிள்ளை அப்போது ஆட்களிடம் கூலிக்குப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தார். என் மனுசனுக்கு உணவகத்தில் நிரந்தர வேலை. அந்த நாட்களில் நான் தங்கச்சியைப் பார்த்துக் கொஞ்சம் இரக்கப்பட்டிருக்கிறேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் அவர் சொந்தமாகப் பெயின்ற் வேலை எடுத்துச் செய்யத் தொடங்கி, பாரிசுக்கு வெளியே திரான்சியில் தோட்டமும் நிலவறையும் உள்ள தனிவீடு வாங்கிவிட்டார். என் மனுசன் அதே உணவகத்தில் அதே அடுப்புக்கு முன்னால் நின்றார்.

திரான்சியில் அவர்களுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு தமிழ்க் குடும்பம். அவர்கள் வேலைக்குப் போன நேரத்தில் யாரோ யன்னலை உடைத்து உள்ளே போய் நகை முழுவதையும் எடுத்துவிட்டார்கள். தமிழர் வீட்டில் பவுண் இருக்கும் என்பது கள்ளருக்கும் தெரிந்துபோய்விட்டது என்று எல்லாரும் கதைத்தார்கள். அதற்குப் பிறகுதான் தங்கச்சியின் கணவருக்கு இந்த யோசனை வந்தது. அவரிடம் வீட்டுக்குப் பெயின்ற் அடிப்பித்த ஒரு பிரெஞ்சுக்காரர் வேட்டைக்குப் போகிறவர். வேட்டைக்கென்றால் அனுமதி எடுக்கலாம், புத்தகம் படித்துப் பரீட்சை எழுத வேண்டும் என்று அவர்தான் வழிகாட்டினார். வீட்டைக் காக்க என்று சொன்னால் இந்த நாட்டில் துவக்குத் தரமாட்டார்கள். அதனால் தன் வாழ்நாளில் ஒரு முயலைக்கூடத் துரத்தாத மனிதர் காட்டுப் பன்றியின் காலடியையும் குளத்துத் தாராவின் சிறகையும் பிரெஞ்சில் பாடமாக்கினார்.

அவர் பாஸ் பண்ணினார். தங்கச்சி டெலிபோன் எடுத்துச் சொன்னாள். "அக்கா, முதல் தரத்திலேயே எடுத்திட்டார். படம் ஒட்டின காட் ஒண்டு வருமாம்."

என் மனுசன் பிரெஞ்சுக் குடியுரிமைக்கான மொழிப் பரீட்சையில் இரண்டு தரம் தவறியவர். "சந்தோசம், பிள்ளை" என்று சொல்லிவிட்டு, வெங்காயம் அரிகிறேன் என்று போனை வைத்தேன். அன்று நான் வெங்காயம் எதுவும் அரியவில்லை. அவர் வேலையால் வந்ததும், "உங்கடை சகலன் பன்றி சுடுற பரீட்சையே பாஸ் பண்ணியிட்டார்" என்றேன். அவர் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "நல்லது. பன்றி இருக்குதோ திரான்சியிலை?" என்றார். அவர் அப்படித்தான். எதுவும் அவருக்குச் சுடாது. அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். கார் து நோர் ஸ்டேசனில் ரயில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். போகிற வழியெல்லாம், எதைக் கண்டாலும் வாயைப் பிளக்கக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாப்பிட்டு முடிந்ததும் தங்கச்சியின் கணவர் எங்களை நிலவறைக்குக் கூட்டிப்போனார். சுவரோடு ஆணி இறுக்கிய ஓர் இரும்பு அலுமாரி. அதைத் திறந்து துவக்கை வெளியே எடுத்தார். இரட்டைக் குழல். மரப்பிடி பளபளத்தது. தங்கச்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். புதுச் சேலை உடுத்துக்கொண்டு வந்து நிற்கிறவள் பார்ப்பதுபோல.

என் மனுசன் அதைக் கையில் வாங்கவில்லை. கையிரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டார்.

"தோட்டா எங்கை?"

"மேலை, எங்கடை படுக்கையறை அலுமாரிக்கை, அண்ணை. அது வேறையாப் பூட்டி வைக்கவேணும் எண்டு சட்டம்."

"துவக்கு அலுமாரித் திறப்பு?"

"அதுவும் மேலைதான்."

"அப்ப கள்ளன் வாசலாலை வந்திட்டான் எண்டு வைப்பம். நீர் மேலை இருக்கிறீர். திறப்பை எடுத்து, தோட்டாவை எடுத்து, அவனைத் தாண்டிக் கீழை வந்து இதைத் திறக்கவேணும். அதுமட்டும் அவன் நிப்பானோ?"

தங்கச்சி சிரித்துவிட்டாள். அவள் கணவர் சிரிக்கவில்லை. "அண்ணை, துவக்கு இருக்கு எண்டு தெரிஞ்சாலே ஒருத்தனும் கிட்ட வரமாட்டான்" என்றார்.

"தெரிஞ்சால் வருவான்" என்றார் என் மனுசன். "ஊரிலை துவக்கு இருந்த வீட்டுக்குத்தான் முதல் வந்தவங்கள். ஆமியோ இயக்கமோ, ஆர் வந்தாலும் அதைத்தான் கேட்டு வந்தவங்கள்."

தங்கச்சியின் கணவர் துவக்கைத் திரும்ப உள்ளே வைத்து அலுமாரியைப் பூட்டினார். எனக்கு என் மனுசன் மேல் கோபம் வந்தது. அவர் பொறாமையில் சொல்கிறார் என்று அவர்கள் நினைப்பார்களே என்று வெட்கமாக இருந்தது. உண்மையில் அவரிடம் பொறாமை இல்லை. இரண்டு பேருக்கும் போதுமான அளவு என்னிடம் இருந்தது.

நான் வேலை செய்வது ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவில், லா சப்பல் பக்கத்து முனையில், ஒரு சேலைக் கடையில். சேலை விரிக்கிற மேசைக்கு முன்னால் நின்று பெண்கள் கதைக்காத கதை இல்லை. அடுத்த மாதம் எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில், பெரியபிள்ளையான மகளுக்குச் சாமத்தியவீடு இருந்தது. அதற்குச் சேலை எடுக்க ஒரு சனிக்கிழமை கடை நிறைய ஆட்கள். தெரிந்த பெண் ஒருத்தி, "உங்கடை தங்கச்சியவைக்கு நல்ல வசதி என்ன?" என்று கேட்டாள். சும்மா கேட்டதுதான். என் நாக்கு சும்மா இருக்கவில்லை.

"வசதியோ? பவுணைக் காக்க வீட்டிலை துவக்கு வைச்சிருக்கினம். நிலவறைக்கை தனி அலுமாரி. பெரிய அரண்மனைதானே."

பெண்கள் சிரித்தார்கள். சிரிப்பு இதமாக இருந்தது. அதனால் பன்றிப் பரீட்சைக் கதையையும் சொன்னேன். துவக்கை எடுக்கக் கள்ளனிடம் வழிவிடச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று என் மனுசன் சொன்னதை என் சொந்தப் பகிடிபோலச் சொன்னேன். "சாமத்தியவீட்டுக்கு வருவினம்தானே, பாருங்கோ, நகை அவ்வளவும் கழுத்திலை இருக்கும்" என்றும் சொன்னேன். கதவடியில் பிள்ளையின் தள்ளுவண்டிலோடு மனைவிக்காகக் காத்துநின்ற ஒருவர், பின்னால் பெட்டி இறக்கிக்கொண்டிருந்த இரண்டு பேர், உள்ளே வந்து போன ஆட்கள், யார் கேட்டார்கள் என்று நான் பார்க்கவில்லை.

சாமத்தியவீட்டுக்கு எல்லாரும் போனோம். தங்கச்சி தாலிக்கொடி, அட்டியல், இரண்டு கையிலும் காப்பு என்று இருந்த எல்லாவற்றையும் போட்டிருந்தாள். நான் மண்டபத்தில் அவளுக்குப் பின்வரிசையில் இருந்து அவள் பிடரியில் கொடி அழுத்திய அடையாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னேரம் அவர்கள் வீட்டுக்குப் போன கொஞ்ச நேரத்தில் எனக்கு டெலிபோன் வந்தது.

"அக்கா, வீட்டை உடைச்சுப்போட்டாங்கள்."

எனக்குள் முதலில் ஏதோ ஒன்று இளகியது. அது இரக்கம் என்று சொல்லமாட்டேன். ஒரு நிம்மதி. அடுத்த மூச்சில்தான், "நகை?" என்று கேட்டேன்.

"நகை என்னட்டைத்தானே இருக்கு. துவக்கைக் கொண்டு போயிட்டாங்கள்."

அடுத்த நாள் போய்ப் பார்த்தோம். தோட்டத்துப் பக்கக் கதவை நெம்பித் திறந்திருந்தார்கள். மேல்மாடிக்கு ஏறிய தடயமே இல்லை. டிவி இருந்த இடத்தில் இருந்தது. தோட்டாப் பெட்டி பூட்டியபடி இருந்தது. நேரே நிலவறைக்குப் போய், இரும்பு அலுமாரியின் கதவை அலவாங்கு போட்டு வளைத்து, துவக்கை மட்டும் எடுத்திருந்தார்கள். தங்கச்சியின் கணவர் அந்த வளைந்த கதவுக்கு முன்னால் ஒரு பெயின்ற் வாளியைக் கவிழ்த்துவைத்து அதன் மேல் இருந்தார்.

பொலிஸ்காரர்கள் திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் கேட்டார்களாம். வீட்டில் துவக்கு இருப்பது யாருக்குத் தெரியும்? அவர், "எங்கடை குடும்பத்துக்கு மட்டும்" என்று சொல்லியிருக்கிறார். அதை அவர் என்னிடம் சொன்னபோது நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அவர் நித்திரை கொள்வதில்லை என்று தங்கச்சி சொன்னாள். துவக்கு அவர் பெயரில் பதிந்தது. விடிய எழும்பியதும் டெலிபோனில் செய்தி பார்ப்பார். எங்காவது சூடு விழுந்தது என்றால், என்ன துவக்கு என்று போட்டிருக்கிறார்களா என்று தேடுவார். திரான்சி இருக்கிற சென்-சேன்-தெனி மாவட்டத்தில் என்றால் வேலைக்குப் போகாமல் இருந்துவிடுவார். பயமில்லாமல் படுக்கலாம் என்று வாங்கிய சாமான், யாரோ ஒருவன் கையில் இருந்துகொண்டு அவரைத் தூங்கவிடாமல் செய்தது.

நான் இரண்டு கிழமை ஒருவருக்கும் சொல்லவில்லை. பிறகு என் மனுசனிடம் சொன்னேன். கடையில் கதைத்தது முழுவதையும், சிரித்தது உட்பட. அவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அதாலைதான் வந்தவங்கள் எண்டு தெரியுமோ?"

"தெரியாது."

"ஒருக்காலும் தெரியவும் வராது. எண்டாலும் நீர் தங்கச்சியிட்டைப் போய்ச் சொல்லும். அந்தாள் வேட்டைக்காரப் பிரெஞ்சுக்காரனைச் சந்தேகப்படுது. பாவம்."

ஒரு புதன்கிழமை, தங்கச்சியின் கணவர் வேலைக்குப் போன நேரத்தில் போனேன். அவள் குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் இருந்து ஆயத் தொடங்கினேன். சொல்லி முடிக்கும்வரைக்கும் அவள் தலை நிமிரவில்லை.

"தெரியும், அக்கா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீங்கள் கடையிலை சொன்னது. அடுத்த நாளே ஒராள் வந்து எனக்குச் சொன்னவ. அரண்மனை எண்டு சொன்னதையும் சொன்னவ."

"அப்ப ஏன் என்னட்டைக் கேக்கேல்லை?"

"என்னத்தைக் கேக்கிறது? உங்களை நிலவறைக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னதே நான்தான். அவருக்கு விருப்பமில்லை. ஒருத்தருக்கும் காட்டக்கூடாது எண்டு சொன்னவர். நீங்கள் பாக்கவேணும் எண்டு எனக்கு இருந்தது."

ஆய்ந்த கீரையை அள்ளிச் சட்டிக்குள் போட்டாள். பிறகு அவள், "இவருக்குச் சொல்லாதேங்கோ. சொன்னால் இந்த வீட்டுக்கு உங்களை வரவிடமாட்டார்" என்றாள். அவள் குரலில் கோபம் இருந்தது. அது என் மேலா, தன் மேலா என்று நான் கேட்கவில்லை. அன்று சாப்பிட்டுப் போகச் சொல்லவும் இல்லை. அதன்பிறகு மூன்று நான்கு மாதம் அவளாக எனக்கு டெலிபோன் எடுக்கவில்லை. நான் எடுத்தால் ஓம், இல்லை என்று இரண்டு சொல்லோடு வைத்துவிடுவாள். கடையில் யாராவது அவளைப் பற்றிக் கேட்டால் நான் சேலை மடிக்கிற வேலையைப் பார்த்தேன்.

கோடை முடிகிற நேரம், ஒரு நாள் மத்தியானம் கடையில் நிற்கும்போது அவள் பெயர் என் டெலிபோனில் விழுந்தது. துவக்கு பிடிபட்டுவிட்டதாம். ஏதோ ஒரு காரின் பின்பெட்டிக்குள், குழலைப் பாதிக்கு அறுத்து, துணியில் சுற்றி வைத்திருந்தார்களாம். அதால் யாருக்கும் ஒன்றும் நடந்ததாகப் பொலிசுக்குத் தெரியவில்லை. யார் எடுத்தது, எப்படித் தெரிந்து வந்தார்கள் என்று அவர்கள் சொல்லவில்லை. இனிச் சொல்லவும் மாட்டார்கள்.

"இவர் குந்தி இருந்து அழுகிறார், அக்கா" என்றாள். "பின்னேரம் வாறியளோ?"

போனோம். தங்கச்சியின் கணவர் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு மேசைக்கு வந்தார். வேட்டை அனுமதியை இனிப் புதுப்பிக்கப் போவதில்லை என்றார். பின்கதவை மாற்றி மூன்று இடத்தில் கொழுவுகிற பூட்டுப் போட்டிருந்தார். பக்கத்து வீட்டுக் கிழவியிடம், தாங்கள் இல்லாத நேரம் ஒரு கண் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். பவுணில் பாதியை வங்கிப் பெட்டகத்தில் வைத்துவிட்டார்கள். என் மனுசன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நான் அன்றே சொன்னேன் என்று ஒரு சொல் சொல்லவில்லை. அவர் தட்டில் இறைச்சி குறைவதைப் பார்த்துச் சகலன் தானே எழும்பி அள்ளிப் போட்டார்.

வீட்டில் துவக்கு வைத்திருப்பது நல்லதா என்று இப்போது என்னிடம் யாராவது கேட்டால், வேண்டாம் என்று சொல்வேன். அவர்கள் வீட்டில் அது ஒரு கள்ளனையும் தடுக்கவில்லை. கள்ளனுக்கு எடுத்துப்போக ஒரு சாமானாகத்தான் இருந்தது. அதைப் பற்றி வாய் திறக்க என்னைப் போல ஒருத்தி எந்தக் குடும்பத்திலும் இருப்பாள்.

சாப்பிட்டபின் தங்கச்சி என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள். கத்தரி காய்த்திருந்தது. மிளகாய்ச் செடி இடுப்பளவு வளர்ந்திருந்தது. எங்கள் யன்னலில் நான் வைக்கிற மிளகாய் ஒரு சாண் உயரத்தில் பட்டுப்போகும். அவள் குனிந்து ஒரு பை நிறையக் காய் ஆய்ந்து என் கையில் தந்தாள். இங்கே மண் நல்லது என்றாள். நான் வாங்கிக்கொண்டேன். வயிறு எரியத்தான் செய்தது. வாயைத் திறக்காமல், பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தேன்.