ஒரு இஞ்ச் எச்சு

என் வீட்டுக்காரர் கோவிந்தராஜுலுவிடம் 'சுமாரா' என்ற சொல்லை யாரும் சொல்லிவிடக் கூடாது. சுமாரா நாலடி இருக்கும் என்றால், நாலடியா, மூன்றடி பதினொன்றே முக்காலா என்று பிடித்துக்கொள்வார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, காபியைக் கையில் வாங்குவதற்கு முன்னால், எங்கள் வீட்டுச் சுவரில் பெருமாள் படம் வலது பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொல்லி என் அப்பாவை ஸ்டூல் போட்டு ஏற வைத்த மனிதர். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

முப்பத்தெட்டு வருடம் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு ஸ்டீல் ஃபவுண்டரியில் பேட்டர்ன் மேக்கராக இருந்தார். பேட்டர்ன் என்பது மரத்தில் செய்யும் மாதிரி. அதை மணலில் பதித்து எடுத்து, அந்தக் குழியில் உருகிய இரும்பை ஊற்றுவார்கள். மாதிரியில் ஒரு மில்லி தப்பினால் அந்தப் பேட்டர்னில் வார்த்த அத்தனை வால்வும் காயலான் கடைக்குத்தான் போகும். அவருக்குத் தப்பியதில்லை. இதை அவரே தினம் ஒரு தடவை சொல்வதால் எனக்கு மறக்க வழியில்லை.

ஆறு வருடத்துக்கு முன்னால் ரிட்டயர் ஆனபோது சால்வை போட்டார்கள், சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அவர் வேண்டும் என்று கேட்டு வாங்கி வந்தது, தான் வேலை செய்த இரண்டடி ஸ்டீல் ஸ்கேல் ஒன்றைத்தான். எண்ணெய்த் துணியில் சுற்றிப் பீரோவில் என் பட்டுப்புடவைக்கு மேலே வைத்தார். புடவையில் எண்ணெய்க் கறை ஆனது வேறு கதை.

துடியலூரில் எங்கள் வீடு கட்டி இருபத்தேழு வருடம் ஆகிறது. ஒன்பது ஜன்னல்கள், எல்லாம் மரம். போன ஐப்பசி மழையில் பாதி ஊறி உப்பி மூட முடியவில்லை, மீதிப் பாதியைக் கரையான் தின்றிருந்தது. படுக்கை அறையில் ராத்திரி முழுக்கத் துண்டைப் போட்டுத் தண்ணீரை ஒற்றி எடுத்தோம். இனித் தாங்காது, எல்லாவற்றையும் எடுத்துவிட்டு யூபிவிசி பிளாஸ்டிக் ஜன்னல் போடுவது என்று முடிவு செய்தோம்.

முடிவு செய்த மறுநாளே அவர் ஸ்கேலை எடுத்துவிட்டார். ஒன்பது ஜன்னலையும் அளந்து நோட்டில் எழுதினார். எழுதி முடித்ததும் வீடே அதிரக் கத்தினார்.

"அந்தச் சென்னிமலை நம்மளை ஏமாத்திப்போட்டான், அம்மணி! நாலடி ஜன்னல்னு காசு வாங்கிட்டு ஒவ்வொண்ணுலயும் ஒரு இஞ்சு கொறைச்சு வெச்சிருக்கான்!"

சென்னிமலை எங்கள் வீட்டைக் கட்டிய மேஸ்திரி. இறந்து நாலு வருடம் ஆகிறது. ஒன்பது ஜன்னலிலும் அதே ஒரு இஞ்ச் எப்படிக் குறையும் என்று எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. செத்த மனிதரைத் திட்டிக்கொண்டே சதுர அடி போட்டார். மொத்தம் நூற்று இருபத்தேழு. மூன்று கம்பெனிக்குப் போன் செய்து விலை கேட்டார். கொசுவலை, வரி எல்லாம் சேர்த்துச் சதுர அடி ஆயிரம் என்றார்கள். ஒரு லட்சத்து இருபத்தேழாயிரம் என்று எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டார். அவர் இரண்டு கோடு போட்டுவிட்டால் அது கோர்ட்டுத் தீர்ப்பு.

அதற்கப்புறம்தான் அந்த மூன்றில் ஒரு கம்பெனியிலிருந்து அளவெடுக்க லின்சி வந்தாள்.

இருபத்து மூன்று வயது இருக்கும். வேலையில் சேர்ந்து மூன்று மாதம்தான் என்றாள். அந்தக் கம்பெனியில் வீடு வீடாகப் போய் அளவெடுக்கும் முதல் பெண் பிள்ளை. கையில் சோப்பு டப்பா அளவில் லேசர் மிஷின். முதல் சம்பளத்தில் தானே வாங்கியதாம், நாலாயிரத்து எண்ணூறு ரூபாய். சுவரில் சிவப்புப் புள்ளி விழும், எண் வரும், எழுதிக்கொள்வாள். அரை மணி நேரத்தில் ஒன்பது ஜன்னலையும் முடித்துவிட்டாள்.

"நூத்தி முப்பத்திரண்டு சதுர அடி வருதுங்க சார். ஒரு லட்சத்து முப்பத்திரண்டாயிரம் ஆகுமுங்க."

என் வீட்டுக்காரர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

"எத்தனை?"

அவள் திரும்பச் சொன்னாள். அவர் நோட்டைக் கொண்டுவந்தார். ஸ்கேலைக் கொண்டுவந்தார். ஜன்னல் மேல் வைத்துக் காட்டினார்.

"இங்க பாரு. நாப்பத்தேழு. நீ எத்தனை எழுதியிருக்கறே? நாப்பத்தெட்டு. எல்லாத்துலயும் ஒரு இஞ்சு எச்சு!"

"மிஷின் அப்படித்தானுங்க சார் காட்டுது."

"மிஷின் காட்டுதா, நீ காட்டறியா? முப்பத்தெட்டு வருசம் அளவுலயே பொழச்சவன் நான். ஒரு ஊட்டுக்கு அஞ்சடி எச்சு எழுதுனா, மாசம் அம்பது ஊட்டுக்கு எத்தனை ஆச்சு?"

அவள் மறுபடி அளந்தாள். மறுபடி நாற்பத்தெட்டு. சிவப்புப் புள்ளி சுவரில் ஆடியது. அவருக்குக் கோபம் முற்றினால் எங்கள் வீட்டுத் தெலுங்கு வந்துவிடும். இந்தப் பெண் திருடி என்று என்னிடம் தெலுங்கில் சொன்னார். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னதால் அவளுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நான் ஒரு வாய் தண்ணீர் கூடக் கொடுக்கவில்லை. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அதோடு விட்டாரா? எங்கள் நகரில் நூற்று நாற்பது வீடு, அத்தனை பேருக்கும் ஒரு வாட்ஸ்அப் குரூப். அதில் கம்பெனி பெயர், லின்சி பெயர், தன் அளவு, அவள் அளவு எல்லாவற்றையும் கட்டம் போட்டு எழுதி, 'ஜாக்கிரதை' என்று முடித்தார். சாயங்காலத்துக்குள் ஆறு வீட்டுக்காரர்கள் அந்தக் கம்பெனியில் கொடுத்திருந்த ஆர்டரை ரத்து செய்துவிட்டார்கள். அவரைப் பாராட்டி வந்த கைதட்டல் பொம்மைகளை எனக்குக் காட்டினார்.

மூன்றாம் நாள் கம்பெனி முதலாளி திருமூர்த்தியே நேரில் வந்தார். பழக்கூடை, அப்புறம் ஒரு கடிதம். லின்சி கையெழுத்தில் இருந்தது. 'என் கவனக்குறைவால் அளவு கூடுதலாகப் பதிவாகிவிட்டது. தவறு என்னுடையது. மன்னிக்கவும்.'

"அந்தப் புள்ளைய நிறுத்திட்டேனுங்க சார். இனி உங்க அளவுதானுங்க. நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டா, திங்கக்கெழமை வேலைய ஆரம்பிச்சர்றேனுங்க" என்றார் முதலாளி. கெட்டிக்காரர். கையெழுத்து நம்முடையது என்றால் நாளைக்குக் குறைந்தாலும் கூடினாலும் அவர் தலையில் விடியாது.

இவர் கையெழுத்துப் போட்டார். அந்தக் கடிதத்தை எனக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினார்.

"பாத்தியா? அவளே ஒத்துக்கிட்டா."

நானும் நம்பினேன். அது மட்டுமா, மிச்சமான ஐயாயிரத்தில் சமையலறைக்கு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கலாம் என்று மனசுக்குள் கணக்கும் போட்டேன்.

சனிக்கிழமை மதியம். புது ஜன்னல் வந்தால் புதுத் திரை வேண்டுமே என்று நான் என் தையல் டேப்பை எடுத்து ஹால் ஜன்னலை அளந்தேன். நாற்பத்தெட்டு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பிடித்தேன். நாற்பத்தெட்டேதான். அடுத்த ஜன்னலிலும் அப்படியே.

"ஏனுங்க, சித்தெ இங்க வாங்க. எனக்கும் நாப்பத்தெட்டு வருதுங்க."

சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கவில்லை. "உன்ற டேப்பு பத்து வருசத்து டேப்பு. இழுத்து இழுத்து நீண்டுபோயிருக்கும். தூக்கிப் போடு."

"நீண்டுபோனா எச்சாக் காட்டுமுங்களா?"

"அதெப்படி எச்சாக் காட்டும்?" எனக்கு அறிவில்லை என்பதைப் புரியவைக்கும் குரலில் ஆரம்பித்தார். "நீண்டுபோன டேப்புல ஒவ்வொரு இஞ்சும் பெருசா இருக்குமல்ல? பெரிய இஞ்சு கம்மியாத்தான் புடிக்கும். நாப்பத்தெட்டு இருக்கறதைக் கொறைச்சு நாப்பத்தேழுன்னுதான்..."

நிறுத்திவிட்டார்.

பேப்பர் மடியில் இருந்து நழுவிக் கீழே விழுந்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை. எழுந்து நேராகப் பீரோவுக்குப் போனார். ஸ்கேலை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, ஊசி கோக்க நான் வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை வாங்கி, அதன் ஓரத்தைப் பார்த்தார். தேய்ந்துபோய், இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி ஒரு '2' இருந்தது, பக்கத்தில் சதவீதக் குறி. பேத்தி சைத்ராவின் ஒரு அடி பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே இடத்தில் ஆரம்பித்தன. பன்னிரண்டாவது இஞ்ச்சில் இவருடைய கோடு கால் இஞ்ச் தள்ளி நின்றது.

அது ஷ்ரிங்கேஜ் ஸ்கேல். உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும். அதனால் மாதிரியைக் கொஞ்சம் பெரிதாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது என்று, ஒவ்வொரு இஞ்ச்சையும் அந்த அளவுக்கு நீட்டியே ஸ்கேல் செய்துவிடுவார்கள். பேட்டர்ன் வேலைக்கு மட்டும் அது. சாதாரண ஸ்கேல் எந்தக் கடையிலும் கிடைக்கும் என்று அதை அங்கேயே விட்டுவிட்டு, தனக்குச் சோறு போட்டதை மட்டும் ஆசையாகக் கொண்டுவந்திருக்கிறார். ஆறு வருடத்தில் அது என்ன ஸ்கேல் என்பதே மறந்துபோயிருக்கிறது. இல்லை, மறக்கவில்லை. தன் கையில் இருப்பது தப்பாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆனால் என்னை உலுக்கியது ஸ்கேல் இல்லை.

"ராமா," என்றார். நாற்பது வருடத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. "தப்பே பண்ணாத புள்ள ஏன் ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்துச்சு?"

எனக்கும் அதுதான் புரியவில்லை. பயமாக இருந்தது. அவர் மேல் வந்த கோபத்தில் என்ன சொன்னேன் என்று முழுக்க நினைவில்லை. செல்லை எடுத்து முதலில் குரூப்பில் எழுதுங்கள் என்று கத்தியது மட்டும் நினைவிருக்கிறது. எழுதினார். 'அளவில் தவறியது நான். அந்தப் பெண் எழுதியதே சரி. மன்னிக்க வேண்டுகிறேன்.' அந்த மூன்று வரி அடிக்க அவருக்கு இருபது நிமிடம் ஆனது. நாலு பேர் கட்டைவிரல் போட்டார்கள். ஒருவர் மட்டும், 'அப்ப அந்தக் கம்பெனில ரேட்டு கொறைப்பாங்களாங்க?' என்று கேட்டிருந்தார்.

உடனே வண்டியை எடுத்துக்கொண்டு திருமூர்த்தியின் கடைக்குப் போனோம். அவர் இரண்டு ஸ்கேலையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை ஒன்பது ஜன்னலையும் ஒரு இஞ்ச் குறைவாக அறுத்திருப்பார்களே. "அந்தப் புள்ளைய வரச் சொல்லுங்க சார். வேலை இருக்குது" என்று சொல்லி விலாசத்தை எழுதிக் கொடுத்தார்.

கவுண்டம்பாளையத்தில் ஒரு லைன் வீடு. லின்சியின் அம்மா அற்புதம் கதவைத் திறந்தார். எங்களை யாரென்று தெரிந்ததும் முகம் மாறியது, ஆனாலும் "உள்ள வாங்க" என்றுதான் சொன்னார். லின்சி உள்ளே இருந்து வந்து சுவரோரமாக நின்றாள். ஜவுளிக் கடை ஒன்றில் சேர்ந்திருக்கிறாளாம்.

என் வீட்டுக்காரர் ஸ்கேலைக் காட்டிச் சொன்னார். அவர் பாதியில் நிறுத்திய இரண்டு இடத்தை நான் சொல்லி முடித்தேன். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். அழவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது எங்களுக்கு நன்றாக இருந்திருக்கும்.

"அப்புறம் ஏன் கண்ணு தப்பு உன்னோடதுன்னு எழுதிக் குடுத்தே? முதலாளி மிரட்டினாரா?" என்று இவர் கேட்டார்.

"இல்லைங்க சார்." யோசித்துச் சொன்னாள். "நீங்க முப்பத்தெட்டு வருசம்னீங்க. நான் மூணு மாசமுங்க. ஊட்டுக்கு வந்து இந்தச் செவுத்தையே முப்பது தடவை அளந்து பாத்தேன். பொறவு எனக்கே சந்தேகமாப் போச்சு. நாந்தான் தப்புன்னு நெசமாவே நம்பிட்டேனுங்க."

அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. வேறு எதையாவது பேசியாக வேண்டும் என்று நானே ஆரம்பித்தேன்.

"முதலாளி கூப்புடறாரு கண்ணு. உன்ற மிஷினை எடுத்துட்டு நாளைக்கே எங்கூட்டுக்கு வா. தெருவே பாக்கற மாதிரி நீ அளந்து சொல்லோணும்."

அவள் அம்மாவைப் பார்த்தாள்.

"மிஷினை வித்துட்டேனுங்க ஆன்ட்டி. பக்கத்து வீதி கார்பென்டர் அண்ணங்கிட்ட."

"எத்தனைக்கு?" என்றார் இவர்.

"ஐநூறுக்குங்க."

"நாலாயிரத்து எண்ணூறு ரூவா மிஷினு, கண்ணு! மூணு மாசந்தானே ஆச்சு?"

"ஆமாங்க சார். ஆனா தப்பாக் காட்டற மிஷினாச்சுங்களே," என்றாள் லின்சி. "அதைச் சொல்லாம விக்கக் கூடாதல்லங்க? ஒரு இஞ்சு எச்சாக் காட்டுமுன்னு சொல்லித்தான் குடுத்தேனுங்க."