படிக்கட்டுக்குக் கீழே ஒரு கட்டில்

நெஸ்டா பிராபர்ட் வரைந்ததிலேயே பெரியது எது என்று கேட்டால் ஒரு சமையலறையைத்தான் காட்டுவேன். எங்கள் வேல்ஸ் ஊரில் ஒட்டி ஒட்டி நிற்கும் பழைய வரிசை வீடுகளில் கொல்லைப்பக்கம் ஓர் அறை இழுத்துக் கட்டுவதென்றால் வரைபடம் அவளுடையது, கொத்து வேலை என்னுடையது. இருபது வருஷமாக அவளோடு சண்டை பிடித்துக்கொண்டே கட்டியிருக்கிறேன்.

எம்லின் ஓய்வுபெற்ற தபால்காரர். முழங்கால் இரண்டும் போய், மாடிக்கு ஏற முடியாமல் இரண்டு வருஷமாக முன்னறை நாற்காலியிலேயே தூங்கினார். தெருக்கதவு நேரே அந்த அறைக்குள் திறப்பதால் கட்டில் போட வழியில்லை. மனைவி கெய்ன்வென் மாடியில் தனியாகப் படுத்தாள். கொல்லையில் ஒரு படுக்கையறை, இருவருக்கும் ஒரே கட்டில். அவர் கேட்டது அவ்வளவுதான்.

நெஸ்டா பென்சிலைத் தொடாமல் பக்கத்து வீட்டுக்குப் போனாள். குளிர்காலத்தில் எங்கள் பள்ளத்தாக்குக்கு நண்பகலில் ஒரு மணி நேரம்தான் வெயில். அது ஒல்வென் அம்மாவின் சமையலறை ஜன்னலில் விழும். அவர் ஆட்சேபித்தால் அனுமதி கிடைப்பது கஷ்டம். புதுச் சுவர் வரும் இடத்தில், அதே உயரத்தில், கொடி கட்டிப் படுக்கை விரிப்புகளைத் தொங்கவிடச் சொல்லி என்னை ஏவினாள். பன்னிரண்டு மணிக்கு அந்தச் சமையலறை இருண்டது. ஒல்வென் அம்மா எழுந்துபோய் விளக்கைப் போட்டார்.

நெஸ்டாவுக்கு அது போதும். வெயில் திரும்பும்வரை விரிப்பைத் தாழ்த்தி, உள்ளே தள்ளி என்னைப் பாடாய்ப் படுத்தினாள். கடைசியில் புது அறைக்கு மிஞ்சிய நீளம் ஆறடி.

"இதுல கட்டில் போட்டா எம்லின் காலு சந்துல நிக்கும்" என்றேன்.

"கட்டில் எதுக்கு வெளிய போகணும்? அடுப்பு புது அறைக்குப் போகட்டும், கட்டில் அடுப்பு இருந்த இடத்துல."

பழைய சமையலறையில் படிக்கட்டுக்குக் கீழே இருந்த அலமாரியைத் திறந்து, துடைப்பத்தை வெளியே எறிந்தாள். தலையை உள்ளே விட்டுத் தரையில் நீட்டிப் படுத்தாள். அந்தச் சமையலறையில் கட்டிலுக்குக் குறைந்த இரண்டடி அங்கே இருந்தது. எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. அதே மாதிரி நூறு அலமாரிகளுக்குப் பக்கத்தில் நின்று செங்கல் வைத்தவன் நான்.

வேலை முடிந்து அவர்கள் படுத்த முதல் இரவுக்கு மறுநாள், கைப்பிடி ஒன்று மாட்டப் போனேன். நண்பகல் பன்னிரண்டு மணி. இருவரும் எழவில்லை. பக்கத்து வீட்டுச் சமையலறை ஜன்னலில் வெயில் விழுந்தது, விளக்கு எரியவில்லை. கதவுக்கு அந்தப்பக்கம் எம்லின் குரல் கேட்டது.

"ரெண்டு வருஷமா திட்டின படி. இப்ப தலைமேல வச்சுக் கொண்டாடுறேன்."

"பேசாம தூங்கு" என்றாள் கெய்ன்வென், அவருக்குப் பக்கத்திலிருந்து.